வித்தியாசம்: பூச்சியம்

கொழும்பு லொறியிலிருந்து
நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள் அதை.
கறுப்பு நிறம். இடுப்பளவு உயரம்.
தாளுக்கு ஒரு வாய், குத்திக்கு ஒரு வாய்,
மிச்சம் துப்ப ஒரு தட்டு.
பூட்ட வந்த லஹிரு
தெரிந்த தமிழெல்லாம் திரட்டிச் சொன்னான்:
"இனி அக்கா காசு தொட வேணாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம்.
ஆவணியில் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபா ஷோர்ட்.
சம்பளத்தில் வெட்டினார்கள்.
நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள்
எந்த ஐநூறென்று நினைத்து
எந்த ஆயிரத்தைக் கொடுத்தேனென்று
படுத்த பிறகும் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.
எவ்வளவு கழுவினாலும்
சோற்றில் குத்தி மணக்கும்.

இப்போது
சனமே தன் காசைத் தானே ஊட்டும்.
வயிற்றுக்குள் சரசரவென்று ஏதோ பிரியும்,
மிச்சம் விழும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
மிச்சத்துக்கு ரொபி கொடுப்பதும் நின்றுபோயிற்று;
அதில் நட்டம் சின்னப்பிள்ளைகளுக்குத்தான்.

"தயவுசெய்து தாளை நேராக இடவும்."
ஒரு பெண்குரல்.
எந்த ஊர்த் தமிழென்று எங்களுக்குள் பந்தயம்.
சுபோதினி மெட்ராஸ் என்றாள்.
மனேஜர் சொன்னார்,
"அது ஒரு ஊருமில்லை, கொம்பனி."

வியாழக்கிழமை
பாசையூர் மெற்றில்டா வந்தாள், மீன் விற்ற கையோடு.
ஒரு கிலோ மா, அரைக் கிலோ சீனி, நுளம்புத்திரி.
மடியிலிருந்து எடுத்த ஐநூறு
நனைந்து, நாலாய் மடிந்து,
சூடைச் செதிலொன்று ஒட்டிக்கொண்டு.
மெசின் உள்ளே இழுத்தது. யோசித்தது. துப்பியது.
திருப்பிப் போட்டாள். துப்பியது.
"தயவுசெய்து தாளை நேராக இடவும்."
"நேராத்தானேடி வைக்கிறன்," என்றாள் அதன் முகத்தைப் பார்த்து,
"கடல்ல இருந்து வந்த காசு, கள்ளக்காசில்லை."
பின்னால் வரிசை நீண்டது.
ஹெல்மெற்றைக் கழற்றாமலே ஒருவர் இருமினார்.

மெசினின் முதுகில் ஒரு விசிறி இருக்கிறது,
சூட்டை வெளியே தள்ள.
செதிலைச் சுரண்டிவிட்டுத்
தாளை அங்கே பிடித்தேன்.
ஒரு நிமிசம். கூடவும் இருக்கலாம்.
படபடத்தது. கருவாடு மணந்தது. விறைத்தது.
தன் மூச்சில் காய்ந்த தாளை
மறுபேச்சில்லாமல் விழுங்கியது மெசின்.
மெற்றில்டா சிரிக்கவில்லை.
"உதுக்கு மாசம் எவ்வளவு?" என்று கேட்டாள்.
தெரியாதென்றேன்.
என்னுடையதை அவள் கேட்கவில்லை.

பின்னேரம், ரியூசன் விட்ட பொடியன் ஒருவன்.
ஒரு கொப்பி, ஒரு சிவப்புப் பேனை,
ஐந்து ரூபா குறைவு.
முன்பென்றால் லாச்சியின் மூலையில் கிடக்கும்,
மிச்சம் வேண்டாமென்று யாரோ விட்டுப்போன குத்திகள்.
ஒன்றை நகர்த்தினால் கணக்கு மூடும்.
இதில் மூலை இல்லை.
பரவாயில்லை என்று சொல்ல ஒரு பொத்தானும் இல்லை.
அவன் பேனையைத் திருப்பி வைக்கப் போனான்.
என் பேர்சிலிருந்து ஒரு குத்தியைப் போட்டேன்.
யாருடையதென்று அது கேட்கவில்லை.

ஏழு மணிக்கு என் முறை முடியக்
கடுதாசி அடித்துத் தந்தது:
இருக்கவேண்டியது இவ்வளவு, இருப்பது இவ்வளவு,
வித்தியாசம் பூச்சியம்.
மனேஜர் கையெழுத்து வைத்தார்.
என்னையும் வைக்கச் சொன்னார்.
நான் தொடாத காசுக்கு
என் முழுப் பெயரையும் எழுதினேன்.

பலாலி வீதி மினிபஸ்.
கொண்டக்டரிடம் மாற்றில்லை,
"அஞ்சு ரூபா, இறங்கேக்க தாறன் தங்கச்சி."
கோண்டாவிலில் இறங்கினேன்.
அவன் மறந்தான்.
நான் மறக்கவில்லை, கேட்கவுமில்லை.
பஸ் இரைந்துகொண்டு போனது.

அன்றைக்குப் பத்து ரூபா ஷோர்ட்.
படுத்ததுதான் தெரியும்,
நித்திரை.